நீலக்கோட்டைக் காப்பவர்கள்: மொன்ட்ரியால் கனடியன்ஸின் இளம் தடுப்பாட்டம் குறித்து ஒரு மதிப்பீடு

2021 ஜூலை 7 அன்று டாம்பா நகரில் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் ஐந்தாம் ஆட்டம் 1-0 என்று முடிந்தது. டாம்பா பே லைட்னிங் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. தோற்றது மொன்ட்ரியால் கனடியன்ஸ். 1993-க்குப் பிறகு முதல் முறையாக இறுதிச்சுற்றுக்கு வந்திருந்த அந்த அணியால் அன்று ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. அன்று அவர்களை மறித்த தடுப்புச் சுவரைக் கட்டியவர்களில் இருவர், ரயன் மக்டோனாவும் மிகைல் செர்கச்சேவும், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மொன்ட்ரியால் தன் முதல் சுற்றுத் தேர்வுகளாக எடுத்துப் பிறகு கைவிட்ட தடுப்பு வீரர்கள்.

மக்டோனாவை மொன்ட்ரியால் 2007-ல் 12-ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. அவர் அந்தச் சீருடையை அணிந்து ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன், 2009-ல், ஸ்காட் கோமஸ் என்ற முன்கள வீரருக்காக நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் கொடுத்துவிட்டது. கோமஸ் ஓராண்டுக்கும் மேல் ஒரு கோலும் அடிக்காமல் தவித்து, 2013-ல் ஒப்பந்தப் பணம் கொடுத்து அனுப்பப்பட்டார். மக்டோனா ரேஞ்சர்ஸின் அணித்தலைவராகி, பின்னர் டாம்பாவுக்கு வந்தார். செர்கச்சேவ் 2016-ல் 9-ஆவது தேர்வு. மொன்ட்ரியாலுக்காக நான்கே ஆட்டங்கள் ஆடிய நிலையில் 2017 ஜூனில் ஜொனாதன் த்ரூவேனுக்காக டாம்பாவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த சீசனிலேயே அங்கே கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து 40 புள்ளிகள் எடுத்தார். த்ரூவேன் மொன்ட்ரியாலில் ஆறு சீசன்கள் இருந்தும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை.

இரண்டு முறையும் வீரர்களைக் கண்டெடுத்த கண்கள் சரியாகவே பார்த்தன. பொறுமைதான் போதவில்லை. கோல் அடிக்கும் ஆள் இன்றே வேண்டும் என்ற பசியில், நாளைய தடுப்பாட்டத்தை விற்றார்கள். இளம் தடுப்பு வீரர்களை எப்படி மதிப்பிடுவது, அவர்களைக் கொண்டு ஆழமான தடுப்பாட்டத்தை எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கு மொன்ட்ரியாலைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது. 2021-க்குப் பிறகு அதே அணி தன் தடுப்பாட்டத்தை அடியோடு கலைத்துப் புதிதாகக் கட்டியது. அந்தப் பணி 2025 அக்டோபர் வரை எங்கே வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு

ஐஸ் ஹாக்கி அரங்கம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட உறைபனித் தளம். ஒவ்வொரு பக்கமும் ஒரு கோல்கீப்பரும் ஐந்து வீரர்களும் இறங்குவார்கள். ஐந்து பேரில் மூவர் முன்களத்தில் ஆடுவார்கள், இருவர் தடுப்பு வீரர்கள். தளத்தின் குறுக்கே வரையப்பட்ட இரண்டு நீலக்கோடுகள் அதை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. தன் அணியின் நீலக்கோட்டைத் தாண்டி எதிரணி உள்ளே வருவதைத் தடுப்பது, வந்துவிட்டால் கோல் வாயிலைக் காப்பது, பக் எனப்படும் ரப்பர் வட்டைக் கைப்பற்றியதும் முதல் பாஸைச் சரியான ஆளிடம் சேர்ப்பது, தாக்குதலில் எதிரணியின் நீலக்கோட்டருகே நின்று ஆட்டத்தை இயக்குவது என்று தடுப்பு வீரரின் வேலை முழுத் தளத்துக்கும் நீள்கிறது.

ஒரு ஆட்டம் 60 நிமிடம். எந்நேரமும் இரு தடுப்பு வீரர்கள் களத்தில் இருப்பதாகக் கொண்டால், நிரப்ப வேண்டியது 120 நிமிடங்கள். இதை ஆறு பேர், மூன்று இணைகளாகப் பகிர்கிறார்கள். முதல் இணை 24, 25 நிமிடங்கள் ஆடும். மூன்றாவது இணைக்கு 14, 15 நிமிடங்கள் கிடைக்கும். முன்களத்தில் பன்னிரண்டு பேர் இருப்பதால் ஒருவரின் பலவீனத்தை மறைத்துவிடலாம். தடுப்பில் அது நடக்காது. ஆறு பேரில் ஒருவர் தளர்ந்தாலும் மற்ற ஐவரின் சுமை உடனே ஏறும்.

2025-26 வரை சீசன் 82 ஆட்டங்கள் நீளமானது. அதன் மேல் இரண்டு மாதங்கள் வரை கோப்பைக்கான பிளே-ஆஃப். தளத்தில் மோதலும் தடுப்புக்காக உடலைக் குறுக்கே போடுவதும் அன்றாடம். ஆறு பேரும் எல்லா ஆட்டங்களும் ஆடுவது எந்த அணிக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே தடுப்பாட்டத்தின் ஆழம் என்று பேசும்போது எட்டு அல்லது ஒன்பது பேரைப் பற்றித்தான் பேசுகிறோம். ஏழாவது, எட்டாவது ஆள் யார் என்ற கேள்வி அக்டோபரில் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. பிப்ரவரியில் அந்த ஆள்தான் களத்தில் நிற்பார்.

பதினெட்டு வயதில் தெரிவதும் தெரியாததும்

என்ஹெச்எல் எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கின் 32 அணிகளும் ஆண்டுதோறும் டிராஃப்டில் ஏழு சுற்றுகளில் ஏறக்குறைய 224 இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பெரும்பாலோருக்கு அப்போது வயது பதினெட்டு. அந்த வயதில் முன்கள வீரரின் திறமையை ஓரளவு எண்ணிக் காட்டலாம்: எத்தனை கோல், எத்தனை உதவி, எந்த வேகம். தடுப்பு வீரரின் திறமையில் பாதி நிகழாமல் போனவற்றில் இருக்கிறது. எதிரி எடுக்காமல் விட்ட பாதை, நுழைய முடியாமல் திரும்பிய தாக்குதல், அழுத்தத்தின் நடுவே பதறாமல் விட்ட ஒரு பாஸ் ஆகியவை எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இளையோர் லீகுகளில் பெரிய உடம்புக்காரன் உடம்பாலேயே வென்றுவிடுவான். என்ஹெச்எல்லில் எல்லோரும் பெரிய உடம்புக்காரர்கள். அங்கே பின்னோக்கிச் சறுக்கியபடியே எதிரிக்கும் தனக்குமுள்ள இடைவெளியைக் கணிக்கும் திறன், எதிரி முதுகின் மேல் பாய்ந்து வரும்போது சுவரோரம் கிடக்கும் பக்கை எடுத்துத் திரும்பும் திறன், இரண்டு விநாடிக்குப் பின் எது நடக்கும் என்று முன்கூட்டி அறியும் திறன் ஆகியவையே வேறுபாட்டை உண்டாக்குகின்றன. இவை ஆடி ஆடித்தான் முதிரும். பலருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதாகிறது.

சிறந்த தடுப்பு வீரருக்கான நாரிஸ் விருது இதற்கு நல்ல சான்று. 2010 முதல் 2025 வரை அதை வென்றவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் டிராஃப்டின் முதல் பத்து இடங்களுக்குள் எடுக்கப்பட்டவர்கள் நால்வர்: ட்ரூ டௌட்டி, விக்டர் ஹெட்மன், கேல் மக்கார், குவின் ஹியூஸ். எரிக் கார்ல்சனும் பிரென்ட் பர்ன்ஸும் முதல் சுற்றில் பத்தாம் இடத்துக்குப் பிறகு வந்தவர்கள். மீதி ஆறு பேர் முதல் சுற்றிலேயே இல்லை. நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 53, டங்கன் கீத் 54, பி.கே. சுபான் 43, ரோமன் ஜோசி 38, ஆடம் ஃபாக்ஸ் 66. மார்க் ஜியார்டானோவை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவே இல்லை. சரிபாதி! முதல் சுற்றில் தேர்வாகும் தடுப்பு வீரரை உறுதியான சொத்து என்றோ, மூன்றாம் சுற்றில் வருபவரை உதிரி என்றோ எழுதிவைக்கும் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதை இந்தப் பட்டியல் ஒன்றே சொல்லிவிடுகிறது.

பழைய சுவரை இறக்கியது

2021 இறுதிச்சுற்றுக்கு மொன்ட்ரியாலைச் சுமந்து சென்றவர்கள் கோல்கீப்பர் கேரி பிரைஸும் நான்கு கனத்த தடுப்பு வீரர்களும்: ஷே வெபர், ஜெஃப் பெட்ரி, பென் ஷியாரோ, ஜோயல் எட்மண்ட்சன். பெரும்பாலான நிமிடங்களை இவர்களே ஆடினார்கள். வயதும் காயமும் அவர்களை ஒரே நேரத்தில் தாக்கின. வெபர் அந்த இறுதிச்சுற்றுக்குப் பிறகு ஆடவேயில்லை. 2021-22 சீசனில் அணி 55 புள்ளிகளோடு 32 அணிகளில் கடைசி இடத்துக்குச் சரிந்தது. கீழே தயாராக நின்ற இளைஞர்கள் இல்லாமல் நான்கு பேரின் மேல் மட்டும் சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒரே ஆண்டு போதும்.

ஜெஃப் கோர்ட்டன் தலைமை நிர்வாகத்துக்கு வந்தார். 2022 ஜனவரியில் கென்ட் ஹியூஸ் பொது மேலாளரானார். பிப்ரவரியில் மார்ட்டின் சன் லூயி பயிற்சியாளரானார். இவர்கள் பழைய சுவரின் ஒவ்வொரு கல்லையும் விலைக்கு மாற்றினார்கள். ஷியாரோ ஃப்ளோரிடாவுக்குப் போனதில் முதல் சுற்றுத் தேர்வு ஒன்று வந்தது. பெட்ரி பிட்ஸ்பர்க் போனதில் மைக் மேத்சன் வந்தார். எட்மண்ட்சன் 2023-ல் வாஷிங்டனுக்குப் போனார். இரண்டே ஆண்டுகளில் நால்வரும் இல்லை.

வெற்றிடத்தை 2022-23 சீசனில் நிரப்பியவர்கள் கேடன் கூலி, ஜோர்டன் ஹாரிஸ், ஆர்பர் ஜாக்காய், ஜஸ்டின் பேரன், ஜொனாதன் கோவாசெவிச். அனுபவம் மிகக் குறைந்தவர்கள். அவர்களுக்குத் துணையாக டேவிட் சவார் இருந்தார். 2021-ல் டாம்பாவின் தடுப்பில் நின்று மொன்ட்ரியாலை வென்ற அதே சவார், அந்தக் கோடையிலேயே மொன்ட்ரியாலில் நான்கு ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டவர். இளைஞர்கள் தவறு செய்யவும் திருத்திக்கொள்ளவும் பக்கத்தில் ஒரு நிதானமான மூத்தவர் தேவை. சவாரின் பங்கை எந்தப் புள்ளிவிவரமும் சரியாகக் காட்டவில்லை. கனடியன்ஸின் இன்றைய தடுப்பாட்டத்தில் அவருடைய உழைப்பு கலந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

லேன் ஹட்சன்: அளவுகோல்களை மாற்றியவர்

2022 டிராஃப்டில் முதல் இடத்தில் யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்த மொன்ட்ரியால், இரண்டாம் சுற்றின் 62-ஆவது இடத்தில் லேன் ஹட்சனை எடுத்தது. அப்போது அவர் உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்தை ஒட்டியது. எலும்பு வயது பின்தங்கியிருப்பதால் தான் இன்னும் வளர்வேன் என்று காட்டும் மருத்துவர் கடிதத்தை அவர் அணிகளிடம் கொடுத்த செய்தி அந்நாளில் பரவலாகப் பேசப்பட்டது. அறுபத்தொரு முறை அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் கையில் பக் இருக்கும்போது எதிரி எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதைத் தோளசைவிலேயே அறிந்து எதிர்ப்பக்கம் திரும்பிவிடும் திறன் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆனாலும் அளவு நாடா வென்றது.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு சீசன்களில் 48, 49 என்று புள்ளிகள் எடுத்துவிட்டு வந்தவர், 2024-25-ல் முழு 82 ஆட்டங்களும் ஆடினார். 6 கோல், 60 உதவி, 66 புள்ளிகள். புதுமுகத் தடுப்பு வீரர்களில் லாரி மர்ஃபி 1980-81-ல் படைத்த உதவிச் சாதனையைச் சமன் செய்தார். கனடியன்ஸின் புதுமுகத் தடுப்பு வீரருக்கான கிறிஸ் செலியோஸின் 64 புள்ளிச் சாதனையைக் கடந்தார். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது 1972-ல் கென் டிரைடனுக்குப் பிறகு முதல் முறையாக மொன்ட்ரியாலுக்கு வந்தது.

புள்ளிகளைவிட முக்கியமானது அவர் ஆடிய நேரம். சராசரியாக ஆட்டத்துக்கு 22 நிமிடங்களுக்கு மேல். எதிரணியில் ஆள் குறைந்த பவர் பிளேயில் மட்டும் பயன்படும் அலங்கார வீரருக்கு அவ்வளவு நேரம் தரமாட்டார்கள். சீசன் தொடக்கத்தில் தன் கோல் வாயிலருகே பெரிய முன்கள வீரர்களிடம் அவர் தோற்ற தருணங்கள் இருந்தன. மாதங்கள் செல்லச் செல்ல, மோதுவதற்கு முன்பே பக்கை எடுத்து வெளியேற்றுவதே தன் தடுப்பு முறை என்று நிலைநாட்டினார். எதிரியிடம் பக் இல்லாத நிமிடங்களில் கோல் விழாது என்ற எளிய உண்மையின் மேல் நின்ற ஆட்டம் அது. பயிற்சியாளர் சன் லூயியும் ஐந்தடி எட்டு அங்குலம்தான். எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் வந்து கோப்பையையும் ஹால் ஆஃப் ஃபேம் இடத்தையும் வென்றவர். ஹட்சனின் பிழைகளைப் பொறுத்து அவரைத் திரும்பத் திரும்பக் களமிறக்கும் துணிவு அவருக்கு இருந்தது. வேறொரு பயிற்சியாளரிடம் இதே இளைஞர் நவம்பரில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடும். இளம் வீரரின் மதிப்பில் அவரை ஆடவைப்பவரின் பங்கையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கூலியும் ரைன்பாகரும்: உடல் என்னும் கேள்வி

கேடன் கூலி 2020-ல் 16-ஆவது தேர்வு. 2022-ல் எட்மண்டன் ஆயில் கிங்ஸ் அணியோடு மேற்குக் கனடா இளையோர் லீகை வென்று, அந்தப் பிளே-ஆஃபின் சிறந்த வீரராகவும் தேர்வானார். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல வேகம், மோதலுக்கு அஞ்சாத உடல். எதிரணியின் முதல்தரத் தாக்குதல் வரிசைக்கு எதிராக நிறுத்தத் தக்கவர். இந்த அணியில் அவரைப் போல் வேகமும் உடல்வலிமையும் ஒன்றாக அமைந்த இளைஞர் வேறில்லை.

அவருடைய குறை கண்ணுக்கு முன் நிற்கிறது. முதல் மூன்று சீசன்களில் அவர் ஆடியவை 44, 70, 55 ஆட்டங்கள். 246-ல் 77 ஆட்டங்களில் அவர் இல்லை. 2025 ஜனவரியில் தொடைத் தசையில் ஆழமான வெட்டு. ஆனாலும் பிளே-ஆஃபுக்கு முன் திரும்பினார். காயம் வீரரின் குற்றம் அல்ல. ஆனால் அணியைக் கட்டுபவர் அந்த 77 இரவுகளையும் யாரைக் கொண்டு நிரப்புவது என்று முன்கூட்டி யோசிக்கக் கடமைப்பட்டவர். 2024 கோடையில் ஆறு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 55.5 லட்சம் டாலர் என்று கூலியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம்தான். அது பலன் தர, அவருக்குப் பின்னால் நம்பகமான ஏழாவது ஆள் இருக்க வேண்டும்.

ஆஸ்திரியரான டேவிட் ரைன்பாகர் 2023-ல் ஐந்தாவது தேர்வு. சுவிட்சர்லாந்தின் க்ளோட்டன் அணிக்காகப் பெரியவர்களின் லீகில் ஆடி 46 ஆட்டங்களில் 22 புள்ளிகள் எடுத்திருந்தார். பதினெட்டு வயதுத் தடுப்பு வீரருக்கு அது அரிய எண். ஆனால் மொன்ட்ரியால் ரசிகர்களில் ஒரு பகுதி ரஷ்ய முன்கள வீரர் மட்வே மிச்கோவை விரும்பியது. அந்த ஏமாற்றத்தில் ரைன்பாகர் மீதே சமூக ஊடகங்களில் வசை பாய்ந்தது. தேர்வு செய்தது நிர்வாகம். ஏச்சை வாங்கியவர் ஒரு பதினெட்டு வயதுப் பையன். இது மிக வருத்தத்துக்குரியது.

மிச்கோவ் 2024-25-ல் ஃபிலடெல்ஃபியாவுக்காக 63 புள்ளிகள் எடுத்தார். அதே சீசனுக்கான முன்னோட்ட ஆட்டத்தில் ரைன்பாகரின் முழங்கால் சிதைந்தது. அறுவைச் சிகிச்சை, ஐந்து மாதத்துக்கும் மேல் ஓய்வு. 2025 செப்டம்பரில் மறுபடியும் முன்னோட்ட ஆட்டத்தில் கையில் எலும்பு முறிவு. இருவரையும் அருகருகே வைத்து ரைன்பாகர் தோல்வி என்று தீர்ப்பு எழுதுவோர் உண்டு. இருபது வயதுத் தடுப்பு வீரரை முன்கள வீரரின் கடிகாரத்தால் அளக்கும் தீர்ப்பு அது. அவர் இழந்தது ஆட்டநேரம். பாதையை வாசிக்கும் கண்ணும், அவசரப்படாத முதல் பாஸும் போய்விடவில்லை. அவரிடம் அணிக்குத் தேவையான இன்னொன்றும் இருக்கிறது. வலக்கை வீரர் அவர்.

வலப்பக்கத்தின் வறட்சி

ஹாக்கி மட்டையை வலப்பக்கமாகப் பிடிக்கும் தடுப்பு வீரர்கள் எப்போதும் குறைவு. வலப்பக்கச் சுவரோரம் பக்கை எடுக்கும்போது வலக்கைக்காரர் மட்டையின் முன்பக்கத்தால் எடுத்து உடனே பாஸ் விடலாம். இடக்கைக்காரர் பின்பக்கத்தால் எடுத்துத் திருப்ப வேண்டும். அந்த அரை விநாடியில் எதிரி வந்து சேர்ந்துவிடுவான். மொன்ட்ரியாலின் இளைஞர் பட்டியலில் இடக்கையர் குவிந்திருந்தார்கள்: ஹட்சன், கூலி, மேத்சன், ஜாக்காய், ஜேடன் ஸ்ட்ரூபிள், ஆடம் எங்ஸ்ட்ரோம். அதனால் இடக்கையரான கூலி பல மாதங்கள் வலப்பக்கம் ஆட நேர்ந்தது.

வலக்கையர் இல்லாமல் இல்லை. இருந்தவர்களை எப்படி எடைபோட்டார்கள் என்பதுதான் ஆராய வேண்டியது. பேரன் 2022-ல் கொலராடோவிலிருந்து ஆர்ட்டூரி லெக்கோனனுக்கு மாற்றாக வந்தவர். லெக்கோனன் அதே ஆண்டு கொலராடோவுக்குக் கோப்பையை வென்று தந்த கோலை அடித்தார். பேரனிடம் வேகமும் ஷாட்டும் இருந்தன, தன் மண்டலத்தில் நிதானம் வரவில்லை. 2024 டிசம்பரில் அவரை நாஷ்வில்லுக்குக் கொடுத்து அலெக்ஸாண்டர் காரியேயைப் பெற்றார்கள். கியூபெக்கைச் சேர்ந்த காரியே பெரிய உடம்போ பெரிய புள்ளிகளோ இல்லாதவர். ஆனால் பக்கை அழுத்தத்திலிருந்து வெளியே கொண்டுவருவதில் தேர்ந்தவர், தண்டனையால் தன் அணியில் ஆள் குறைந்த நேரத்தில் நம்பத் தக்கவர். அவர் வந்த பிறகு மற்ற ஐவரும் தமக்குப் பொருந்திய இடங்களில் நின்றார்கள். அந்த சீசனில் அணி 91 புள்ளிகளோடு பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. முதல் சுற்றில் வாஷிங்டனிடம் தோற்றாலும், திருப்பத்தின் தொடக்கம் அந்தப் பரிமாற்றம் என்று சொல்லலாம்.

கோவாசெவிச்சின் கதை எதிர்த்திசையில் போனது. வின்னிபெக் வேண்டாம் என்று விட்டபோது விலையின்றி எடுத்த உயரமான வலக்கையர். இரண்டு சீசன்கள் ஓசையின்றி உழைத்தார். இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்று 2024 ஜூனில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு நியூஜெர்சியிடம் கொடுத்தார்கள். அங்கே அவர் நிலையான இடம் பிடித்து, ஒன்பது மாதங்களுக்குள் ஐந்து ஆண்டுகளுக்கு இரண்டு கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். வாக்குறுதியாக இருக்கும் இளைஞரின் மதிப்பைக் கூட்டியும், கண் முன்னே வேலை செய்பவரின் மதிப்பைக் குறைத்தும் காண்பது எல்லா நிர்வாகங்களுக்கும் உள்ள சபலம். நவீன மொன்ட்ரியால் நிர்வாகத்தின் கணக்கில் தெளிவான பிழை என்று நான் குறிப்பதும் இதையே.

இன்னொரு வலக்கையரான லோகன் மையுவின் விவகாரம் வேறு வகை. சுவீடனில் ஒரு பெண்ணின் அனுமதியின்றி படம் பகிர்ந்ததற்காக அபராதம் விதிக்கப்பட்டிருந்த அவர், 2021-ல் தன்னை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பிறகும், முந்தைய நிர்வாகம் 31-ஆவது இடத்தில் அவரை எடுத்தது. கடும் கண்டனம் எழுந்து உரிமையாளர் ஜெஃப் மோல்சன் பொதுவில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. திறமை அறிக்கையில் ஷாட்டின் வேகத்துக்கு ஒரு பத்தி இருந்தால், பாதிக்கப்பட்டவரின் வலிக்கும் ஒரு அணியின் பொறுப்புக்கும் அதைவிட நீண்ட பத்தி இருந்தாக வேண்டும். 2025 ஜூலையில் மையு செயின்ட் லூயிஸுக்கு அனுப்பப்பட்டு, முன்கள வீரர் ஸாக் போல்டுக் வந்தார்.

பேரனும் கோவாசெவிச்சும் போயிருந்தார்கள், மையு போகவிருந்தார். சவார் 2025-ல் ஓய்வு பெற்றார். வலப்பக்கம் காரியே மட்டும் மிஞ்சும் நிலை. அந்தப் பின்னணியில்தான் 2025 ஜூன் இறுதியில் நோவா டாப்சனுக்கான பரிமாற்றம் நடந்தது. இருபத்தைந்து வயது, வலக்கை, 2023-24-ல் 70 புள்ளிகள் எடுத்தவர். நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு முன்கள வீரர் எமில் ஹைனமனோடு 16, 17-ஆவது தேர்வுகளைக் கொடுத்தார்கள். டாப்சனுக்கு எட்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 95 லட்சம் டாலர்.

விலை உயர்ந்ததுதான். ஆனால் 2009-லும் 2017-லும் மொன்ட்ரியால் செய்தது, வளர்ந்துகொண்டிருந்த தடுப்பு வீரரைக் கொடுத்து முன்கள வீரரை வாங்கியது. 2025-ல் செய்தது நேர் எதிர். ஹைனமனையும் இன்னும் எந்தப் பெயரும் எழுதப்படாத இரண்டு தேர்வுகளையும் கொடுத்து, கடினமான முதிர்ச்சிக் காலத்தை வேறொரு அணியின் செலவில் முடித்துவிட்ட தடுப்பு வீரரை வாங்கியது. தடுப்பு வீரருக்கு உரிய விலை எது என்பதை இந்த நிறுவனம் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஏழாவது, எட்டாவது ஆள்

ஆர்பர் ஜாக்காயை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. கொரோனா காலத்தில் காஸ்ட்கோ கடையில் வேலை பார்த்தவர். 2021-ல் புதுமுகங்களின் முகாமுக்கு அழைக்கப்பட்டு, அங்கிருந்து ஒப்பந்தம் வாங்கினார். ஆறடி நான்கு அங்குலம். சக வீரர்களை யாரும் சீண்டினால் முதலில் வந்து நிற்பவர். அவருடைய உடல்வலிமையைவிட அவர் வாங்கும் தண்டனை நிமிடங்கள் பயிற்சியாளரைக் கவலையில் ஆழ்த்தியிருக்கின்றன. ஸ்ட்ரூபிள் 2019-ல் 46-ஆவது தேர்வு. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் முதிர்ந்து வந்தவர். இருவரும் மூன்றாவது இணைக்கு ஏற்றவர்கள், இருவரும் இடக்கையர். இந்த இருவரில் ஒருவர் நாள்தோறும் வெளியே உட்காருவது அணிக்கு ஆழம் இருப்பதன் அடையாளம். கூலி ஆட முடியாத இரவில் வெளியே இருந்தவர் உள்ளே வருவார்.

அதற்கும் கீழே, மொன்ட்ரியாலின் கீழ்நிலை அணியான லாவல் ராக்கெட். மொன்ட்ரியாலுக்கு வடக்கே ஆற்றைத் தாண்டியதும் இருக்கும் லாவல் நகரின் அணி, அமெரிக்க ஹாக்கி லீகில் ஆடுவது. 2024-25-ல் வழக்கமான சீசனில் அந்த லீகிலேயே முதலிடம் பிடித்தது. பயிற்சியாளர் பாஸ்கல் வின்சென்ட் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் ஆனார். 2022-ல் 92-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட சுவீடன் வீரர் எங்ஸ்ட்ரோம் அங்கே நிலைபெற்றார். ரைன்பாகரும் காயம் ஆறித் திரும்பியது அங்கேதான். 2025 டிராஃப்டில் 81-ஆவது இடத்தில் மெடிசின் ஹாட் அணியின் வலக்கையர் பிரைஸ் பிக்ஃபோர்டை எடுத்ததில், வலப்பக்கக் குறையை அடியிலிருந்தே சரிசெய்யும் எண்ணம் தெரிகிறது.

நாற்றங்காலில் வேர் பிடிக்கும் முன் பிடுங்கி நட்ட பயிர் நிமிராது. இந்த நிறுவனத்தின் பழைய தலைமுறைக்கு அது தெரிந்திருந்தது. 1971-ல் 20-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட லாரி ராபின்சன், நோவா ஸ்கோஷியாவில் கீழ்நிலை அணிக்கு ஆடிவிட்டு 1973-ல்தான் மேலே வந்தார். பிறகு செர்ஜ் சவார், கி லாப்வாண்ட் ஆகியோருடன் மூவரணியாக நின்று 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகளில் பங்கு பெற்றார். 1976-77-ல் அந்த அணி 80 ஆட்டங்களில் தோற்றவை எட்டு. மூவரும் கீழ்நிலை அணிகளில் பயின்று வந்தவர்கள்.

திறமை மட்டும் ஆழமாகிவிடாது என்பதற்கு பஃபலோ சேபர்ஸ் சான்று. 2018-ல் முதல் தேர்வாக ராஸ்மஸ் டாலின், 2021-ல் முதல் தேர்வாக ஓவன் பவர், கொலராடோ 2019-ல் நான்காவதாக எடுத்த போவன் பைரம் என்று ஒரே தடுப்பில் மூன்று உச்சித் தேர்வுகள். ஆனாலும் 2012 முதல் 2025 வரை தொடர்ந்து பதினான்கு சீசன்கள் அந்த அணி பிளே-ஆஃப் காணவில்லை. லீக் வரலாற்றில் அதுவே மிக நீண்ட வறட்சி. மூவரும் இடக்கையர். அவர்களுக்குத் துணை நிற்கும் நடுத்தர வலக்கையர்களையும் மூத்தவர்களையும் சேர்ப்பதில்தான் அந்த நிர்வாகம் தவறியது என்று கருதுகிறேன்.

சம்பளக் கணக்கு

2025-26-ல் ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு 9.55 கோடி டாலர். அடுத்த சீசனுக்கு 10.4 கோடி. 2025 அக்டோபரில் ஹட்சன் எட்டு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குச் சராசரி 88.5 லட்சம் டாலரில் கையெழுத்திட்டார். டாப்சன், ஹட்சன், கூலி மூவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2.39 கோடி. புதிய உச்சவரம்பில் இது கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. உச்சவரம்பு ஏறிக்கொண்டே போகும் காலத்தில் மூவரின் விலையையும் முன்கூட்டியே கட்டிவைத்தது அறிவுள்ள செயல். மூவருக்கும் 2025 அக்டோபரில் வயது முறையே 25, 21, 23. அவர்கள் உச்சத்தில் ஆடும் ஆண்டுகள் இந்த ஒப்பந்தங்களுக்குள்ளேயே வருகின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. மேலே மூவருக்கு இவ்வளவு போனால், கீழே உள்ளவர்கள் குறைந்த சம்பளக்காரர்களாக இருந்தாக வேண்டும். புதுமுக ஒப்பந்தத்தில் இருக்கும் ரைன்பாகரும் எங்ஸ்ட்ரோமும் இங்கே இரட்டை மதிப்புப் பெறுகிறார்கள். அவர்கள் நான்காவது, ஐந்தாவது இடத்தைப் பிடித்தால், சந்தையில் முப்பது வயதுக்காரர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் தரும் தேவையே எழாது.

தீர்ப்பு

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 2025 அக்டோபர் நிலவரப்படி மொன்ட்ரியாலின் தடுப்பாட்டம் லீகின் மிக நம்பிக்கைக்குரிய இளம் தடுப்பாட்டங்களில் ஒன்று. பக்கை வெளியே கொண்டுபோவதில் ஹட்சன், டாப்சன், மேத்சன் போன்ற மூவர் இருக்கும் அணிகள் குறைவு. இடப்பக்கம் நிறைந்திருக்கிறது. கீழ்நிலை அணி நன்றாக நடக்கிறது.

குறைகள் மூன்று. வலப்பக்கத்தில் டாப்சன், காரியே இருவருக்குப் பின் நிரூபிக்கப்பட்டவர் இல்லை. இருவரில் ஒருவர் ஆறு வாரம் விழுந்தால் கூலி மறுபடி தனக்குப் பழகாத பக்கம் போக வேண்டியிருக்கும். அடுத்து, சவார் விட்டுப்போன வேலை: ஆள் குறைந்த நேரத்தில் ஷாட்டுகளின் குறுக்கே விழுந்து, கடைசி நிமிட முன்னிலையைக் காக்கும் வேலை. அதற்கு இன்னும் உரிய வாரிசு இல்லை. கடைசியாக, கூலி, ரைன்பாகர் இருவரின் உடல்நலம். இந்தத் தடுப்பின் கனமான பாதி அவர்கள் இருவர் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது.

ஆகவே என் பரிந்துரைகள் தெளிவானவை. ரைன்பாகருக்கு லாவலில் ஒரு முழு, இடையூறற்ற சீசன் தர வேண்டும். காயத்தால் ஆள் குறைந்தது என்பதற்காக அவரை மேலே இழுத்து எட்டு நிமிடம் ஆடவைத்துத் திருப்பி அனுப்பக் கூடாது. வலக்கை மூத்தவர் ஒருவரைச் சிறிய விலையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். கோவாசெவிச் போன்றவர்கள் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை என்பதை அறிந்தே ஏழாவது ஆளுக்கு விலை நிர்ணயிக்க வேண்டும். முன்களத்தின் மையத்தில் ஆள் தேவைப்படும் கோடைகளில் ஸ்ட்ரூபிளையோ எங்ஸ்ட்ரோமையோ பேச்சில் வைக்கலாம், ரைன்பாகரை வைக்கக் கூடாது. இருபத்து மூன்று வயதுக்கு முன் எந்த வலக்கைத் தடுப்பு வீரரையும் விற்பதில்லை என்பதை இந்த அணி எழுதாத சட்டமாகவே கொள்ளலாம்.

இளம் தடுப்பு வீரரைத் தேர்ந்தெடுப்பது ஒரு ஜூன் மாத நாளில் முடிந்துவிடும். அவரை மதிப்பிடும் வேலை ஐந்து, ஆறு ஆண்டுகள் நீடிக்கும். அத்தனை ஆண்டும் பொறுக்கும் அணிக்கே அவர் என்ன விலை பெறுவார் என்பது தெரியவரும்.